அருங்காட்சியகப் படங்களை இலவசமாகப் பயன்படுத்த

பாடத்துக்கோ புத்தக அட்டைக்கோ பழைய ஓவியம் வேண்டுமா? தேடலில் கிடைக்கும் மங்கலான நகலை எடுக்காதீர்கள். நேராக அருங்காட்சியகத்தின் தளத்துக்கே போங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-லும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2020-லும் லட்சக்கணக்கான படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டன, வணிகத்துக்கும்கூடக் கட்டணமில்லை. தேடும்போது ‘ஓப்பன் ஆக்சஸ்’ (எல்லோருக்கும் திறந்தவை) ஃபில்டரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். தளத்தில் இருப்பதெல்லாம் இலவசமல்ல, நவீன ஓவியங்கள் பலவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு.

அப்புறம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2022-ல் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 717 ஜிகாபிக்சலில், அதாவது 71,700 கோடி படப்புள்ளிகளில், வெளியிட்டது. அவசியம் பெரிதாக்கிப் பாருங்கள். வண்ணப்பூச்சில் விழுந்த மயிரிழை விரிசல்கூடத் தெரியும். நேரில் போனாலும் அவ்வளவு நெருங்க விடமாட்டார்கள்.

படத்தைப் பதிவிறக்கும்போது அந்தப் படைப்புக்கு அருங்காட்சியகம் தந்திருக்கும் பதிவெண்ணையும் குறித்து வையுங்கள், பிறகு தேட எளிது.