கிளவுட்வாட்சில் தேங்கிய லாக்குகளைப் பைத்தான் நிரல் மூலம் அழிப்பது எப்படி?

நிரல்கள் ஓடும்போது எழுதும் பதிவு வரிகளை (லாக்) சேர்த்து வைக்கும் அமேசானின் கிளவுட்வாட்ச் லாக்ஸ் சேவையில், அவற்றுக்கான தொகுப்பான லாக் குரூப் ஒன்றை உருவாக்கும்போது காலவரையறை எதையும் குறிப்பிடாவிட்டால், அதில் வந்து விழும் ஒவ்வொரு வரியும் நாமாக அழிக்கும் வரை அங்கேயே கிடக்கும்; சேமிப்புக் கட்டணமும் மாதந்தோறும் ஏறிக்கொண்டே போகும். சோழிங்கநல்லூரில் எங்கள் அணி பராமரிக்கும் கணக்கில், எப்போதோ நிறுத்திவிட்ட சோதனைச் சேவைகளின் லாக்குகள் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் தேங்கியிருந்தன. அமேசானின் நிர்வாக இணையப் பக்கமான கன்சோலில் ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழிப்பதைக் காட்டிலும், பைத்தானும் அதிலிருந்து அமேசான் சேவைகளை அழைக்க உதவும் போட்டோ3 நூலகமும் கொண்டு சிறு நிரல் எழுதுவதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. எதை அழிக்கப்போகிறோம் என்பதை நிரல் முன்கூட்டியே பட்டியலிட்டுத் தரும்; அப்பட்டியலை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கவும் முடியும்.

குறிப்பிட்ட ஒரு வரியை மட்டும் இச்சேவையில் நீக்க வழியில்லை. குரூப்புக்குள் ஒரே மூலத்திலிருந்து வரும் வரிகளின் தொடரான லாக் ஸ்ட்ரீமை முழுதாக அழிக்கலாம், லாக் குரூப்பையே அழிக்கலாம், அல்லது காலவரையறை வைத்துப் பழையவை தாமாகவே நீங்கும்படி செய்யலாம். உயிரோடு இருக்கும் சேவைக்குக் காலவரையறை, நிறுத்தப்பட்ட சேவைக்கு அழிப்பு என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

அழிக்கும் முன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்படி, கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள்கள் வைத்திருந்தாக வேண்டும். உங்கள் துறைக்கு இதைவிட நீண்ட காலம் விதிக்கப்பட்டிருந்தால் அதுவே பொருந்தும். வைத்திருக்க வேண்டியவற்றை முதலில் அமேசானின் எஸ்3 கோப்புச் சேமிப்புக்கு ஏற்றுமதி செய்துவிடுங்கள். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஓர் ஏற்றுமதிப் பணிதான் ஓடும் என்பதால் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

நிரலின் முதல் வேலை பட்டியலெடுப்பது. அமேசானின் மும்பை ரீஜனுக்கான (தரவுமையப் பகுதி) கிளையன்டை, அதாவது சேவையை அழைக்கும் பொருளை உருவாக்கி, 'டிஸ்க்ரைப் லாக் குரூப்ஸ்' அழைப்பை, பக்கம் பக்கமாக முழுப் பட்டியலையும் எடுத்துத் தரும் பேஜினேட்டர் வழியாகச் செய்யுங்கள். ஓர் அழைப்பு அதிகபட்சம் 50 குரூப்புகளையே தருவதால், பேஜினேட்டர் இல்லாமல் எழுதிய நிரல் மீதியைக் காணாமலே முடிந்துவிடும். குரூப் உருவான தேதி பழையது என்பதற்காக அது பயனற்றதாகிவிடாது. ஆகவே ஒவ்வொரு குரூப்பிலும் ஸ்ட்ரீம்களைக் கடைசி நிகழ்வின் வரிசையில், புதியது முதலில் வரும்படி கேட்டு, முதல் ஸ்ட்ரீமின் நேரத்தை மட்டும் எடுத்து, அது நீங்கள் வைத்த எல்லைத் தேதிக்கு முந்தையதா என்று பாருங்கள். அந்த நேரம் மில்லிவிநாடிகளில், 13 இலக்க எண்ணாக வரும். பைத்தானின் டைம் சார்பு தருவதோ விநாடிக் கணக்கு. 1000ஆல் பெருக்க மறந்து ஒப்பிட்டால் எந்தக் குரூப்புமே பழையதாகத் தெரியாது, பட்டியல் காலியாக வரும். ஸ்ட்ரீமின் சேமிப்பு அளவை நம்பியும் முடிவெடுக்காதீர்கள். 2019 ஜூன் 17 முதல் அது எப்போதும் பூஜ்ஜியமாகவே காட்டப்படுகிறது. அளவு வேண்டுமென்றால் குரூப்பின் எண்ணைப் பாருங்கள்.

பெயரின் தொடக்கத்தை (முன்னொட்டு) மட்டும் கொடுத்துக் குரூப்புகளைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் நானே தவறியிருக்கிறேன். முன்பு கிண்டியில் வேலை பார்த்தபோது, 'ஆர்டர்' என்ற பழைய சேவையின் குரூப்பை அழிக்க அதே சொல்லை முன்னொட்டாகக் கொடுத்தேன். 'ஆர்டர்-பேமெண்ட்' என்ற நடப்புச் சேவையின் குரூப்பும் அதற்குள் அடங்கியது, இரண்டுமே போயின. அழித்த குரூப்பை மீட்க வழி கிடையாது. மறுநாள் ஒரு வாடிக்கையாளரின் பணம் எங்கே நின்றது என்று தேட வேண்டியிருந்தபோது, பார்ப்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அன்றிலிருந்து முழுப் பெயரை அப்படியே ஒப்பிட்ட பிறகே அழிக்கிறேன். எதையும் அழிக்காமல் பட்டியலை மட்டும் காட்டச் செய்யும் 'ஒத்திகை' என்ற மாறியை 'ட்ரூ' என்றே இயல்புநிலையில் வைத்து, பட்டியலை வேறொருவர் பார்த்து ஒப்புக்கொண்ட பின்னரே அதை மாற்றி ஓட்டுகிறேன்.

'டெலீட் லாக் குரூப்' அழைப்புக்குக் குரூப்பின் பெயர் ஒன்றே போதும். அதற்கான அனுமதியை, அழிக்க வேண்டிய குரூப்புகளுக்கு மட்டும் பொருந்துமாறு ஐஏஎம் ரோலில் (அமேசான் கணக்கில் யார் எதைச் செய்யலாம் என்ற அனுமதித் தொகுப்பில்) கொடுங்கள். 'ரிசோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்ற பிழை வந்தால் அந்தக் குரூப் ஏற்கெனவே இல்லையென்று பொருள், பெயரும் ரீஜனும் சரிதானா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். அழைப்புகள் அளவுக்கு மிஞ்சியதைக் குறிக்கும் 'த்ராட்லிங்' பிழை வந்தால் அழைப்புகளுக்கிடையே இடைவெளி விட வேண்டும். போட்டோ3-இன் மறுமுயற்சி அமைப்பை 'அடாப்டிவ்' என்று வைத்தால் அது தானே பார்த்துக்கொள்ளும்.

லாம்டா சார்பு (அழைக்கும்போது மட்டும் அமேசான் இயக்கும் சிறு நிரல்) இன்னும் பயன்பாட்டில் இருந்தால் அதன் குரூப்பை அழித்துப் பயனில்லை. குரூப் உருவாக்கும் அனுமதி அதன் ரோலில் இருந்தால் அடுத்த அழைப்பிலேயே அதே பெயரில் குரூப் மீண்டும் உருவாகும், அதுவும் காலவரையறை இல்லாமல். இத்தகையவற்றுக்கு 'புட் ரிடென்ஷன் பாலிசி' அழைப்பில் 180 என்று கொடுங்கள். 90, 180, 365 போன்ற குறிப்பிட்ட எண்களையே அது ஏற்கும், 100 என்று கொடுத்தால் பிழைதான் வரும். கெடு கடந்த வரிகள் உண்மையில் நீங்கப் பொதுவாக 72 மணி நேரம் வரை ஆகும் என்பதால், அதற்குள் காலவரையறையை மறுபடி கூட்டிவிடாதீர்கள்.