ஆற்றங்கரையில் சோடா: கெக்கில் கேஸ் ஏற்றி நுரைக்காமல் பிடிப்பது எப்படி?

ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறைக்குக் கலந்த சாதத் தூக்குகளோடு ஒரு கெக்கையும் (கேஸ் அழுத்தம் தாங்கும் எஃகுப் பீப்பாய்) இறக்கினேன். பெரியப்பா சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, “ஏன்டா, காவேரியம்மனுக்குப் பீர் பீப்பாயா?” என்றார். பீருக்கான சாமான்தான், உள்ளே இருந்தது வெறும் சோடா. டம்ளரில் பன்னீர் சிரப்போ நன்னாரியோ ஊற்றி மேலே சோடாவைப் பிடித்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு எலுமிச்சையும் உப்பும். சிரப்பைக் கெக்குக்குள்ளேயே கலக்காதீர்கள். நுரையும் கூடும், கழுவும் வேலையும் கூடும்.

சாமான்கள்

19 லிட்டர் பால் லாக் (ball lock, அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் கனெக்டர் வகை) கெக், 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், அழுத்தம் காட்டும் மீட்டர் இரண்டு வைத்த ரெகுலேட்டர் (கேஸ் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது), 5 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் 8 மீட்டர், அமுக்கினால் ஊற்றும் பிளாஸ்டிக் கைக்குழாய், பெரிய ஐஸ் பெட்டி. மீன் தொட்டிக்கு விற்கும் குட்டி ரெகுலேட்டரை மலிவு என்று வாங்கி ஏமாந்தேன். அதன் ஊசி வால்வு குமிழி எண்ணத்தான் லாயக்கு. கேஸ் உணவுத் தரமாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் கோலி சோடா போடுபவரிடம் எங்கே நிரப்புகிறார் என்று கேளுங்கள். வெல்டிங் பட்டறை சிலிண்டர் வேண்டாம்.

கேஸ் ஏற்றுவது

நல்ல தண்ணீர் 18 லிட்டருக்கு மேல் போகாமல் ஊற்றி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். தண்ணீர் 2, 3 டிகிரிக்கு வந்தால்தான் கேஸ் ஒழுங்காகக் கரையும். சாம்பல் நிறக் கனெக்டர் கேஸுக்கு, கறுப்பு சோடாவுக்கு. ரெகுலேட்டரில் அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ. (psi, அழுத்த அளவு) வைத்து, மூடியைச் சுற்றிச் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கொப்புளம் வந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. உள்ளே இருக்கும் காற்றை மூடி வால்வு வழியாக இரண்டு மூன்று தடவை வெளியேற்றிவிட்டு, கெக்கைப் படுக்கவைத்து, மடியில் குழந்தையை ஆட்டுவதுபோல் ஐந்து, பத்து நிமிடம் உருட்டுங்கள். ரெகுலேட்டர் மட்டும் கெக்கைவிட உயரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் அதற்குள் ஏறிவிடும். அவசரமில்லை என்றால் ஒரு வாரம் அப்படியே ஃபிரிட்ஜில் விட்டாலும் போதும்.

சிலிண்டர் பக்கத்து மீட்டரை நம்பி விசேஷத்துக்குப் போகாதீர்கள். உள்ளே கேஸ் திரவமாக இருக்கும்வரை முள் கேஸ் குறைவதைக் காட்டாது. வெயிலுக்கு ஏறும், நிழலுக்கு இறங்கும், அவ்வளவுதான். எடை போடுங்கள். ஒரு கெக்குக்குச் சுமார் கால் கிலோ செலவாகும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, நிழலில் வையுங்கள். காரில் ஏற்றினால் வால்வை மூடி, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். மூடிய வண்டிக்குள் கசிந்தால் மூச்சு முட்டும்.

நுரை

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வீட்டில் ஒத்திகை பார்த்தபோதே முதல் பாடம் கிடைத்தது. கெக்கோடு வந்த ஒன்றரை மீட்டர் ஹோஸில் சோடா பீய்ச்சி அடித்தது. உடனே ரெகுலேட்டரைத் திருகி அழுத்தத்தைக் குறைத்தேன். எல்லாரும் செய்யும் தப்பு அது. அழுத்தம் குறைந்ததும் கரைந்திருந்த கேஸ் ஹோஸுக்குள்ளேயே பிரிந்து, இன்னும் நுரைத்தது. அழுத்தத்தைத் தொடாதீர்கள், ஹோஸை நீட்டுங்கள். ஒல்லியான நீண்ட ஹோஸில் உரசி வரும்போது வேகம் தானாக அடங்கும்.

சரி என்று 8 மீட்டர் வாங்கிப் படித்துறைக்குப் போனால், மறுபடியும் டம்ளர் நிறைய நுரை. கெக் ஐஸுக்குள் இருந்தது. ஹோஸ்? ஆடி வெயிலில், காய்ந்த கருங்கல் படியில் சாரைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. 8 மீட்டருக்குள் 150 மில்லி சோடா நிற்கும், அதாவது ஒரு டம்ளர். பெரியவர்கள் நிதானமாக ஒவ்வொருவராக வர வர, ஒவ்வொருவருக்கும் ஹோஸில் நின்று சூடான அந்த ஒரு டம்ளர்தான் போனது. ஆற்றில் குளித்த பிள்ளைகள் மொத்தமாக ஏறி வந்து கை நீட்டியபோது இடைவிடாமல் பிடித்தேன். மூன்றாவது டம்ளரிலிருந்து சோடா சுத்தமாக இறங்கியது. அப்போதுதான் உறைத்தது.

ஹோஸை முழுக்கச் சுருட்டி ஐஸ் பெட்டிக்குள் போடுங்கள். குழாயோடு ஒரு சாண் மட்டும் வெளியே இருந்தால் போதும். வெறும் ஐஸ் கட்டி ஹோஸில் அங்கங்கேதான் படும். தண்ணீரும் ஊற்றினால் முழுக்கச் சுற்றிக்கொள்ளும். ஐஸ் கம்பெனியில் பாராக வாங்கிச் சாக்கில் போட்டு உடைப்பது, கடையில் பாக்கெட் வாங்குவதைவிட எனக்குக் கட்டுப்படியாகிறது. பெட்டியைச் சுற்றி உமி மூட்டை அடுக்கினால் மாலைவரை தாங்கும். உமி நம் பக்கம் கிடைக்காத பொருளா?

பின்சேர்க்கை: உமி நனைந்து சொதசொதவென்று ஆகிவிட்டது, ஐஸும் நிற்கவில்லை என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நனைந்த உமி குளிரைக் காக்காது. உரச் சாக்கு மாதிரி உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள சாக்கில் கட்டுங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து சிலர் பீருக்கும் இதே கணக்கா என்று கேட்டார்கள். இல்லை. 3, 4 டிகிரி குளிரில் 10 முதல் 12 பி.எஸ்.ஐ. போதும், ஹோஸும் 2, 3 மீட்டர் இருந்தால் சரி. வெயிலில் போடக்கூடாது என்பது மட்டும் அதற்கும் உண்டு.

முடிந்ததும் மூடியைத் திறக்கும் முன், வால்வை இழுத்துக் கேஸை முழுக்க விட்டுவிடுங்கள். ஹோஸை வெந்நீர்விட்டு அலசித் துணிக்கொடியில் தொங்கவிட்டால் மறுநாளைக்குள் காய்ந்துவிடும்.