அறைக்குள் கீரை வளர்ப்பவர்கள் ஈரப்பதத்தில் சறுக்கும் இடங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டின் பின்னறை பத்துக்குப் பத்து அடி. அதில் விளக்கு மாட்டி லெட்டுஸ் வளர்க்கத் தொடங்கியபோது, முதல் வேலையாக காற்றை ஈரமாக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். குளிர்நாட்டுக்காரர் ஒருவர் காணொளியில் அப்படித்தான் சொன்னார். அவர் ஊரில் ஹீட்டர் போட்டால் காற்று காய்ந்துபோகும், அவருக்கு அது சரி. அலமாரியில் வைத்த தோல் செருப்பே பூசணம் பூக்கிற ஊரில் எனக்கு எதற்கு? கருவி இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அதைவிடப் பெரிய தவறு, ஊற்றுகிற தண்ணீருக்குக் கணக்கு வைக்காதது. செடி குடிப்பதில் அதன் உடம்பில் தங்குவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் இலை வழியே ஆவியாகி அதே அறைக்குள் வருகிறது. என் அறையில் சுமார் 25 கன மீட்டர் காற்று இருக்கிறது. 24 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்குவது ஏறக்குறைய 22 கிராம் நீராவி. முழு அறைக்கும் சேர்த்து அரை லிட்டர் சொச்சம். நான் ஊற்றியதோ நாளைக்கு மூன்று லிட்டர். அது சுவரில் வியர்த்தது, அப்புறம் அடி இலைகளில் சாம்பல் நிறப் பூசணமாக வந்து உட்கார்ந்தது.

சன்னலைத் திறந்தால் ஈரம் போய்விடும் என்பார்கள். மதியம் வெளியே ஈரப்பத மீட்டர் 60 விழுக்காடுதான் காட்டும், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் நூற்றுக்கு அறுபது பங்கு. ஆசையாக இருக்கும். ஆனால் 33 டிகிரியில் 60 விழுக்காடு என்றால் கன மீட்டருக்கு 21 கிராம் தண்ணீர். அந்தக் காற்றை உள்ளே விட்டு 24 டிகிரிக்குக் குளிர்வித்தால் கிட்டத்தட்ட 100 விழுக்காடு. விழுக்காட்டை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ஏர்கோன் (ஏசி) போட்ட அறை என்றால் சன்னலையும் கதவடி இடுக்கையும் அடைத்துவிடுங்கள்.

ஏர்கோன் பெரிதாக இருந்தால் நல்லது என்பதும் தப்பு. சின்ன அறைக்கு ஒன்றரை எச்பி (குதிரைத்திறன்) ஏர்கோன் மாட்டினால், சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். விசிறி மட்டும் ஓடி, அதன் குளிர்ச் சுருளில் பிடித்திருந்த ஈரத்தைத் திரும்ப அறைக்குள்ளேயே ஊதும். குளிரும், ஆனால் காயாது. தனியாக ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்குகிறவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் "ஒரு நாளைக்கு 12 லிட்டர்" என்பதை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் 30 டிகிரி, 80 விழுக்காட்டில் அளந்தது. நம் அறையில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது. அது அறையைச் சூடாக்கவும் செய்யும். அலமாரிக்குள் ஈரம் உறிஞ்ச வைக்கும் உப்புப் பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஓர் அறைக்கு அது எந்த மூலைக்கு?

மோசமான நேரம் விளக்கு அணைந்த பிறகுதான். 26 டிகிரியில் 65 விழுக்காடாக இருந்த அதே காற்று 22க்கு இறங்கினால் 80ஐத் தாண்டும். ஏர்கோனும் அப்போது ஓய்ந்துவிடும். நானோ வேலை முடிந்து வந்து, விளக்கு அணைவதற்குச் சற்று முன்புதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா முப்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். "விடியறதுக்குள்ள வெட்டினாத்தான்டா பால் ஓடும். வெயில் ஏறினா மரம் அடக்கிக்கும்" என்றார். இருட்டில் மரம் தண்ணீரை வெளியே விடுவது குறைவு, அதனால் உள்ளே அழுத்தம் நிறைந்திருக்கும். லெட்டுஸும் அப்படித்தான், இருட்டில் அதிகம் குடிக்காது. ஊற்றிய தண்ணீர் தொட்டியிலேயே நின்று ஆவியாகும். இப்போது விளக்கு எரிந்ததும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை இருட்டு நேரத்துக்கு வைத்திருக்கிறேன், அப்போது அதன் சூடும் உதவிதான். சின்ன விசிறி இரவிலும் நிற்பதில்லை. இலை லேசாக ஆடினால் போதும்.

பயந்துபோய் 40 விழுக்காட்டுக்கு இறக்காதீர்கள், இலை ஓரம் கருகும். 60, 70க்குள் இருந்தால் லெட்டுஸுக்குப் போதும். காற்று அசையாமல் ஈரம் தேங்கினாலும் உள் இலையின் நுனி கருகுவதுண்டு. தண்ணீர் மேலேறாதபோது கால்சியமும் அங்கே போய்ச் சேராது.

மலிவு மீட்டர் பொய் சொல்லும். பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு போல நனைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது, அதனால் 7ஐக் கூட்டிக்கொள்கிறேன். அதைக் கதவுப் பக்கம் மாட்டாமல் இலைகளுக்கு நடுவில் தொங்கவிடுங்கள்.

ஏர்கோன் குழாயிலும் இயந்திரத்தின் தொட்டியிலும் சேரும் தண்ணீரை ஒரு வாரம் அளந்து பாருங்கள். மூன்று லிட்டர் ஊற்றி ஒரு லிட்டர்தான் வெளியே வருகிறது என்றால் மீதி சுவரிலும் தொட்டிகளிலும் இருக்கிறது. அளந்த தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம் நின்ற தண்ணீரே போதும்.