டைனோசரைக் கோழியிலிருந்து தொடங்குங்கள்

டைனோசர் பொம்மை வாங்கும் முன் பிள்ளையைக் கோழிக்குப் பின்னால் நடக்க விடுங்கள். என் பேரனுக்கு ஐந்து வயது. சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் தெளித்து, ஈரமண்ணில் கோழி பதித்த தடத்தைக் காட்டினேன். "முன்னால மூணு விரல் இருக்கு பாருய்யா. கறி தின்ன டைனோசர் நிறைய இப்படித்தான் நடந்துச்சு." பறவைகள் அந்த வம்சம்தான் என்றதும், அன்று முழுக்க அவன் கோழியை விட்டு அகலவில்லை.

பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், அது தானாக வரும். கைக்கு ஏதாவது கொடுங்கள். ஆடி, ஆவணியில் பெரிய பனம்பழம் ஒன்று போதும். குஜராத்தில் கிடைத்த நீள்கழுத்து டைனோசர் முட்டைகள் ஏறக்குறைய அந்த அளவு உருண்டைகள்தான். அவ்வளவு பெரிய உடம்புக்கு இத்தனை சின்ன முட்டையா என்று பிள்ளை கேட்பான். கேட்கட்டும். பனங்கொட்டையைப் பாத்தியில் புதைக்கிறோமே, அதுபோல அவையும் குழியில் முட்டையிட்டு மண்ணால் மூடியிருக்கும் என்று சொல்லி, அவனையே குழி தோண்டவிடுங்கள்.

"நம்ம ஊர்ல இருந்துச்சா ஆச்சி?" என்பான். நம் பக்கத்துப் பாறைகள் டைனோசர் காலத்தைவிட மிகப் பழையவை, அவற்றில் எலும்பு கிடைக்காது. ஆனால் அரியலூர் பக்கம் கல்லமேட்டில் மிகப் பெரிய எலும்புகள் கிடைத்தன. 1987-இல் அந்த விலங்குக்கு புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடல் கொண்ட பல்லி என்று பொருள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சோறு உண்ணாத நாளில், "டைனோசர் வந்துரும்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு ராத்திரி பிள்ளை தூங்கவில்லை, என் சேலையை விடவில்லை. மூன்றாம் நாள் 66 அடிக் கயிற்றைத் தெருவில் நீட்டினேன். ஒரு அடிக்குப் பத்து லட்சம் வருஷம் என்று கணக்கு. "பெரிய டைனோசரெல்லாம் அழிஞ்சது அந்தக் கோடியில. மனுசன் வந்து மூணு லட்சம் வருஷந்தான்" என்று இந்த முனையில் அரைச்சாணுக்கும் குறைவாகப் பிடித்துக் காட்டினேன். கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தான். "அங்கேருந்து வராது" என்றான்.

தை, மாசியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப்போங்கள். மஞ்சள் மூக்கு நாரை கூட்டில் குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்கட்டும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் தாங்காது.