மாரிக்கு முன் கோழி அடைப்பைச் சேறாகாமல் தயார் செய்வது

திருகோணமலையில் மாரி ஐப்பசியில் பிடித்தால் தை வரை இழுக்கும். கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டு. கோழி அடைப்பைப் புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள். சேறான பிறகு மேலே உமி கொட்டி வேலையில்லை, இரண்டு நாளில் அதுவும் களியாகிவிடும்.

முதல் எதிரி கூரைத் தண்ணீர். பத்துக்குப் பத்தடித் தகரத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 450 லீற்றருக்கு மேல் வழியும். கூரை விளிம்பில் பீலி பூட்டி அதன் வாயைப் பள்ளத்துப் பக்கம் திருப்புங்கள். பீலி இல்லையென்றால் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே ஓரடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் கான் வெட்டி, ஐந்தடிக்கு ஓர் அங்குலம் சரிவு கொடுங்கள். வெட்டிய மண்ணை அடைப்புக்குள் போட்டால் தரை உயரும். வெளி நிலத்தைவிட அரையடியாவது உயர வேண்டும். சருகு அடைத்தால் கான் இருந்தும் பயனில்லை, வாரம் ஒருமுறை சருகை வாரி எடுங்கள்.

நிலாவெளி, உப்புவெளி மணலில் தண்ணீர் சீக்கிரம் இறங்கும். தம்பலகாமத்து வயற்களியில் அப்படியே நிற்கும். அங்கே நாலு அங்குலம் உடைந்த செங்கல் பரப்பி, மேலே மூன்று அங்குலம் ஆற்று மணல் போடுங்கள். நடுவே உள் பொலித்தீன் எடுத்த நெய்த உரப்பையை விரித்தால் கோழி கிளறிக் கல்லை மேலே கொண்டுவராது. கடல் மணல் சும்மா கிடைக்கிறதென்று அள்ளாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

சாரல் வாடையோடு வடக்கிலும் கிழக்கிலும் இருந்து அடிக்கும். அந்த இரண்டு பக்கமும் கிடுகோ தறப்பாளோ கட்டி, கூரைக்குக் கீழே ஓரடியைத் திறந்தே விடுங்கள். முழுக்க மூடினால் எச்சத்தின் ஈரம் வெளியே போகாது. குனிந்தால் கண்ணெரிகிற நெடி வரும். தறப்பாளின் கீழ் நுனி கானுக்குள் தொங்கட்டும், உள்ளே மடிந்தால் தண்ணீரும் உள்ளேதான்.

தரைக்கு மூன்று, நாலு அங்குலம் உமி அல்லது மரச்சீவல். வைக்கோல் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கோழியின் மூச்சைக் கெடுக்கும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது, கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது. கட்டிபட்டதைக் கிளறிவிடாமல் அள்ளி எருக்குழியில் போடுங்கள். இரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டைகள் ஈரமும் சூடும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றத் தயாராகிவிடும். குஞ்சுகள்தான் முதலில் விழும்.

வெயில் நாளிலும் ஒரே இடம் நனைந்திருந்தால் மழையைத் திட்டாதீர்கள், தண்ணீர்ப் பாத்திரத்தைப் பாருங்கள். அதன் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வரும்படி கல் அடுக்கி மேலே வையுங்கள்.