கடலோரச் சிற்றூரில் கோடை வாசிப்புக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்க

கடலோர ஊர் என்பதற்காகக் கடல் கதைகளையே அள்ளி வாங்க வேண்டாம். கடலைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு மலையும் பாலைவனமும்தான் புதுமை. மூன்றில் ஒரு பங்கு கடல் சார்ந்ததாக இருந்தால் போதும். அதிலும் மீன், நண்டு, பறவைக் கையேடுகள் உங்கள் கடற்பகுதியின் இனங்களைக் காட்டுகின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். வேறு கடலுக்கு எழுதியது கரையில் உதவாது.

கடினம் பொருந்துகிறதா என்று அறிய, நடுவில் ஒரு பக்கத்தைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால், அது பெரியவர் கூட உட்கார்ந்து வாசித்துக்காட்ட வேண்டிய புத்தகம். ஒன்றுகூட மடங்காவிட்டால் எளிது. விடுமுறையில் அதுவும் தப்பில்லை.

தொடர் நாவலா? எல்லாப் பிள்ளைகளும் முதல் பாகத்தில்தான் தொடங்குவார்கள்; அதில் மட்டும் இரண்டு பிரதி வாங்குங்கள்.

புத்தகத்தின் கட்டுமானத்தையும் தாளையும் கவனிக்காமல் வாங்கினால் கோடை முடிவதற்குள் பாதி வீணாகும். வெறும் பசையில் ஒட்டிய முதுகு வெயிலில் இளகி, பக்கம் பக்கமாக உதிரும். நூலால் தைத்ததே தாங்கும். வழவழப்பான படத்தாள் நனைந்து காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் அச்சு உரியும். நனைந்த புத்தகத்தை உடனே உலர்த்த முடியாவிட்டால் உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வையுங்கள், பூஞ்சை வளராது. ஈரமாக இருக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியில் வைப்பதுதான் மிக மோசம்.