வரிக்கோழிய வச்சு பொரிச்ச அன்னைக்கே சேவல், பொட்டைய பிரிக்கிறது எப்படி

ரெண்டு மாசம் குருணையும் கருவாட்டுத் தூளும் போட்டு வளர்த்து, கொண்டை செவக்க ஆரம்பிச்ச பிறகுதான் "அட, பாதிக்கு மேல சேவலால்ல இருக்கு"ன்னு தெரியும். முட்டைக்கு வளர்க்கிறவங்களுக்கு பொட்ட வேணும், கோயிலுக்கு நேர்ந்துவிடுறவங்களுக்கு சேவல் வேணும். பொரிச்ச அன்னைக்கே குஞ்சோட தலைய பாத்து ரெண்டையும் பிரிச்சிறலாம், ஆனா தாய் தகப்பன் ஜோடிய சரியா போட்டிருக்கணும்.

மனுஷங்களுக்கு பொறக்கிறது ஆணா பொண்ணான்னு முடிவு பண்றது அப்பன், கோழில அது ஆத்தா. நிறம் மாதிரி குணத்த முடிவு பண்ற ஜீனுங்கள செல்லுக்குள்ள சுமக்கிற இழைதான் குரோமோசோம்; சேவலுக்கு ரெண்டு இசட் குரோமோசோம், பொட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பொட்ட தன்னோட இசட்ட மகனுக்கு மட்டும்தான் குடுக்கும், மகளுக்கு டபிள்யூ போயிரும், மகளோட ஒத்த இசட் அப்பன்கிட்ட இருந்துதான் வரணும். கறுப்பு இறகுல குறுக்கால வெள்ளை வரி போடுற ஜீன் இந்த இசட்லதான் இருக்கு. அதனால வரிப்பொட்டைய வரியே இல்லாத சேவலோட சேத்தா மகன் எல்லாத்துக்கும் வரி வரும், மகள் ஒண்ணுக்கும் வராது. மாத்தி, வரிச்சேவல சாதா பொட்டையோட விட்டா ரெண்டு பக்கமும் வரி வரும், ஒண்ணும் பிரிக்க முடியாது. நிறைய பேரு கோட்டை விடுறது இங்கதான்.

முதல்ல பொட்ட. முதுகுல ஒரு இறகு பிடுங்கி வெயில்ல பிடிச்சு பாருங்க, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி குறுக்கால நேரா ஓடணும். இறகு வளரும்போது நிறம் போடுற செல்லெல்லாம் சீக்கிரமே தீர்ந்துபோகும், அந்த இடம் வெள்ளையாயிரும், அடுத்து புதுசா செல் வந்ததும் திரும்ப கறுப்பு, இப்படியே மாறி மாறித்தான் அந்த வரி விழுது. நம்ம நாட்டுக்கோழில பழுப்பு இறகுல பொடிப்பொடியா கோடு இருக்கும் பாருங்க, அது வேற சமாச்சாரம், அதை வச்சு இந்த வேலை நடக்காது. பிளைமவுத் ராக்ங்கிற ரகத்து வரிக்கோழி கிடைச்சா ரொம்ப நல்லது, குஞ்சு எல்லாம் கறுப்பா பொரிக்கும், அடையாளம் பளிச்சுன்னு தெரியும். கலப்பு நாட்டுக்கோழின்னா சில குஞ்சு பழுப்பா வரும், அதுல கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

சேவல் கறுப்போ செவலையோ எதுவா இருந்தாலும் சரி, வெள்ளை மட்டும் வேண்டாம். வெள்ளை லெகார்ன்ங்கிற முட்டைக்கோழி ரகத்துல இருக்கிற ஜீன் கறுப்பு நிறத்தையே அமுக்கிப்போடும், அதுக்கு அடியில வரி ஜீன் ஒளிஞ்சிருந்தாக்கூட வெளிய தெரியாது. கடக்நாத்ங்கிற கருங்கோழி ரகத்து சேவல விடலாமான்னு கேப்பாங்க, தாராளமா விடலாம், அதோட தோல கறுப்பாக்குறது வேற ஜீன், வரியோட சேத்து குழப்பிக்க வேண்டாம்.

அடுத்து அடைப்பு. எனக்கு தெரிஞ்சு இதுல பொறுமை இல்லாமத்தான் பாதி பேருக்கு கணக்கு தப்புது. பொட்ட ஒரு தடவை சேவலோட சேர்ந்துட்டா அந்த விந்து ரெண்டு வாரத்துக்கு மேலயும் உடம்புக்குள்ள உயிரோட இருக்கும், அதனால பழைய சேவல்கிட்ட இருந்து பிரிச்சு மூணு வாரம் தள்ளித்தான் முட்டைய அடைக்கு எடுக்கணும். தொண்டி, தேவிபட்டினம் பக்கமெல்லாம் கோழி கடற்கரை வரைக்கும் மேயும், பக்கத்து வீட்டு சேவலுக்கு வேலியெல்லாம் ஒரு கணக்கே இல்ல. கிழிஞ்ச மீன் வலை நாலு பாகம் கிடைச்சா கருவேலங்கம்பு நட்டு சுத்தி கட்டுங்க, மேலயும் போட்டுட்டா பருந்துக்கும் பயப்பட வேண்டாம்.

21 நாள்ல குஞ்சு வரும். ஈரம் காஞ்சு மயிர் பொசுபொசுன்னு ஆனதும் ஒவ்வொண்ணா கையில எடுத்து பின்மண்டைய பாருங்க. வரி ஜீன் குஞ்சுல தலைப்புள்ளியாத்தான் தெரியும்: கறுப்புக் குஞ்சோட உச்சில வெள்ளையா, கொஞ்சம் மஞ்சளா ஒரு புள்ளி இருந்தா சேவல், மண்டை முழுக்க கறுப்பா இருந்தா பொட்ட. வயித்துப் பக்கம் ரெண்டுக்குமே வெளுத்துத்தான் இருக்கும், அதை பாத்து ஏமாறாதீங்க. சேவல் குஞ்சு கால்ல லூசா ஒரு கலர் நூல கட்டிவிடுங்க, கால் பெருக்க பெருக்க மாத்திக்கிட்டே இருக்கணும், இல்லன்னா இறுக்கிரும்.

நம்ம வெயிலுக்கு இன்னொரு யோசனை, ஜோடிக்கு விடுற சேவல் கழுத்து மொட்டையா இருந்தா இன்னும் நல்லது. மொட்டைக்கழுத்து ஜீன் இசட்ல இல்ல, அது தனி ரூட்டு, ஒரு காப்பி வந்தாலே போதும், கழுத்து மட்டுமில்லாம உடம்பு பூராவும் இறகு குறையும், சூடு ஈசியா வெளிய போகும், சித்திரை வெயில்ல மத்த கோழி வாய பொளந்துக்கிட்டு மூச்சு வாங்குறப்ப இது மேஞ்சுக்கிட்டு இருக்கும். கழுத்துக்கு முன்னால அடியில ஒரு கொத்து இறகு இருந்தா ஒரு காப்பிதான், அந்த சேவலுக்கு சுமார் பாதி குஞ்சுதான் மொட்டையா வரும். கொத்தே இல்லாம வழிச்சுவிட்ட மாதிரி இருந்தா அநேகமா ரெண்டு காப்பி, குஞ்சு எல்லாமே மொட்டை. மொட்டைக் குஞ்சுல தலைப்புள்ளி சரியா தெரியலன்னா றெக்கை இறகு முளைக்கிற வரைக்கும் பொறுத்து வரிய பாத்துக்குங்க.

இந்தக் குஞ்சுங்கள வளர்த்து அதுக்குள்ளயே ஜோடி போட்டா திரும்ப இப்படி பிரிக்க முடியாது, வரி சேவலுக்கும் வரும் பொட்டைக்கும் வரும். அதனால தாய்க்கோழிய வித்துறாதீங்க, ஒவ்வொரு ஈடுக்கும் அதேதான் வேணும். வளந்த பிறகு பொட்டைல ஒண்ணு வரியோட நின்னுச்சுன்னா எவன் வீட்டு வரிச்சேவலோ வலைக்குள்ள பூந்திருக்குன்னு அர்த்தம், ஓட்டைய தச்சுட்டு மறுபடி மூணு வாரம் காத்திருங்க.